மதிப்பெண் போடுவது யார்?

பன்னிரண்டு பேனா 180 ரூபாய் என்றால் ஏழு பேனா என்ன விலை?

மெட்டுகுடாவில் நமது சங்கம் நடத்தும் ஞாயிறு மாலைப் படிப்பு வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்தக் கணக்கைப் போட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். தகப்பனார் ரயில்வேயில் ஒப்பந்தக் கூலி. தாயார் ஆலுகட்டபாவி பக்கம் பூ விற்கிறார். பள்ளி விட்டு வந்ததும் தாயின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழம் போட்டுக் கொடுத்து, சில்லறை எண்ணித் தருகிறவள் இவள். கேள்வியைக் கேட்டதும் சொன்னாள்: "டஜன் நூற்றெண்பது, அரை டஜன் தொண்ணூறு. அது ஆறு பேனா. இன்னும் ஒன்று பதினைந்து. மொத்தம் நூற்றைந்து." மூச்சு வாங்குவதற்குள் முடித்துவிட்டாள்.

இதே கணக்கு அவள் பள்ளியில் டேப்லெட்டில் வந்தது. செய்முறையைப் படிப்படியாக எழுதக் கட்டம் போட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் 90 என்று எழுதினாள். எந்திரம் எதிர்பார்த்தது 15. தவறு என்றது. அடுத்த கட்டத்தில் 15 என்று எழுதினாள். அதுவும் தவறு என்றது. விடைக் கட்டத்தில் 105 என்று எழுதினாள். அது மட்டும் சரி. நான்கு மதிப்பெண்ணில் ஒன்று கிடைத்தது. கூடவே ஒரு முத்திரையும் குத்தியது: ஓரலகு முறை கைவரவில்லை, மறுபயிற்சி தேவை!

பெற்றோரோடு நாமும் போய் ஆசிரியையிடம் கேட்டோம். நல்ல மனுஷி. பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். சிறுமியின் நோட்டைப் பார்த்துவிட்டு, "இவள் போட்டது சரிதான், ஆனால் மார்க் போடுவது நான் இல்லையே" என்றார். பள்ளி நிர்வாகத்திடம் போனோம். "மார்க் போடுவது சிஸ்டம், எங்களால் மாற்ற முடியாது" என்றார்கள். சிஸ்டத்திடம் போய்க் கேட்க அதற்கு வாசற்படியும் இல்லை, நாற்காலியும் இல்லை.

மூன்று மதிப்பெண்ணுக்காகவா இவ்வளவு சத்தம் என்று கேட்பீர்கள். மூன்று மதிப்பெண் போகட்டும். பாதியாக்கிப் பார், பிறகு ஒன்றைக் கூட்டு என்று தன் மூளையால் வழி கண்ட ஒரு குழந்தைக்கு, 'உனக்குக் கணக்கு வராது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியது யார் என்று கேட்டால் ஆளில்லை. நாம் கேட்க வந்தது இதைத்தான்.

எந்திரத்துக்கு நாம் விரோதிகளா?

சங்கத்துக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை, புதிதாக எது வந்தாலும் எதிர்ப்பார்கள் என்று சிலர் பேசக்கூடும். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். 1893ல் ஏற்பட்ட லாலாகுடா பணிமனையில் தலைமுறை தலைமுறையாக எந்திரத்தோடு பாடுபட்டவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. லேத்தும் கிரேனும் வெல்டிங்கும் நமக்கு அந்நியமல்ல. எந்திரம் உடல் நோவைக் குறைத்ததையும் கண்டோம். அதே எந்திரத்தைக் காட்டி ஆட்குறைப்புச் செய்ததையும் கண்டோம்.

பணிமனையில் ஒரு நியாயம் உண்டு. கடைந்த பொருள் சரியா என்று அளக்கக் கேஜ் இருக்கும். அந்தக் கேஜ் சரியா என்று காலாகாலத்தில் பார்ப்பதற்கும் ஏற்பாடு இருக்கும். கேஜ் தேய்ந்துபோனால் கேஜைத்தான் மாற்றுவார்கள். நல்ல இரும்பைக் குப்பையில் போடமாட்டார்கள். இரும்புத் துண்டுக்குக் கிடைக்கிற இந்த நியாயம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டாமா?

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இன்று எல்லார் வாயிலும் அடிபடுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவரின் வளர்ச்சியை ஆண்டு தோறும் கவனிக்க இப்படிப்பட்ட மென்பொருளை உருவாக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் தெலங்கானா அரசு, பெங்களூரின் எக்ஸ்டெப் அறக்கட்டளையின் துணையோடு, ஆறு மாவட்டங்களில் 36 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இதைத் தொடங்கியது. வாசிப்பிலும் அடிப்படைக் கணக்கிலும் பின்தங்கிய குழந்தைகளுக்குக் கணினி வழியாகப் பயிற்சி கொடுப்பது அதன் நோக்கம். பின்தங்கிய குழந்தைக்குக் கைகொடுக்கும் எந்த முயற்சியையும் நாம் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பயிற்சி கொடுக்க வந்த எந்திரம் தீர்ப்புச் சொல்லவும் தொடங்கினால் என்ன ஆகும்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் பலவற்றில் அது நடக்கத் தொடங்கிவிட்டது.

2019ஐ மறந்துவிட்டோமா?

இந்த மாநிலத்துப் பெற்றோருக்கு இது புதுப் பாடமல்ல. 2019 ஏப்ரல் 18ஆம் தேதி தெலங்கானா இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வந்தன. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதிய தேர்வு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேறவில்லை. தேர்வுக்குப் போனவருக்கு வரவில்லை என்று வந்தது. முதலாண்டில் நல்ல மதிப்பெண் பெற்றவர் அடுத்த ஆண்டில் ஒற்றை இலக்கத்தில் நின்றார். முடிவுகளைத் தயாரிக்கும் மென்பொருள் வேலை குளோபரீனா என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருந்தது.

அடுத்த சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அந்த மரணங்கள் ஒவ்வொன்றுக்கும் மென்பொருள்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்கும் நியாயமாகாது. ஆனால் பெற்றோர்கள் வாரியத்தின் வாசலில் வெயிலில் நின்று 'என் பிள்ளையின் தாளைக் காட்டுங்கள்' என்று கதறியபோது பதில் சொல்ல ஆளில்லை என்பது உண்மை. அரசு மூவர் குழுவை அமைத்தது. அந்தக் குழு மென்பொருளிலும் குறை கண்டது, வாரியத்தின் மேற்பார்வையிலும் குறை கண்டது. தோற்றவர்கள் எல்லாருடைய தாள்களையும் கட்டணமின்றி மறுகூட்டலும் மறுபார்வையும் செய்ய அரசு உத்தரவிட்டது. அதில் 1,137 பேர் தேறினார்கள்.

எண்ணிக்கை சிறிது என்று சிலர் அப்போது சொன்னார்கள். தன் பிள்ளை அந்த 1,137 பேரில் ஒருவராக இருந்தால் இப்படிச் சொல்வார்களா?

அந்தத் தேர்வில் ஒரு மாணவிக்குத் தெலுங்கில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். மறுபடி பார்த்தபோது 99! தாளைத் திருத்தியவர் வட்டத்தை நிரப்பும்போது தவறிவிட்டார். தவறு மனிதருடையதுதான். ஆனால் ஆண்டு முழுவதும் நன்றாகப் படித்த பெண்ணுக்குப் பூஜ்யமா என்று கிராமத்துப் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எந்திரத்துக்கு வரவில்லை. அதை அப்படியே விழுங்கி, அப்படியே கக்கியது. திருத்தியவர் எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார். எந்திரத்தை வைத்திருந்தவர்கள் திருத்தியவர் பார்த்திருப்பார் என்று இருந்தார்கள். நடுவில் விழுந்தது குழந்தை.

அப்போது எந்திரம் செய்த வேலை மதிப்பெண்ணைக் கூட்டித் தொகுப்பது மட்டும்தான். இப்போது மதிப்பெண்ணையே அது போட வேண்டும் என்கிறார்கள்.

இங்கிலாந்திலும் அதே கதை

நம் ஊரில் திறமை போதாது, வெள்ளைக்காரன் ஊரில் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2020ல் கொரோனாவால் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வை நடத்த முடியவில்லை. ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குத் தரம் கொடுத்தார்கள். தேர்வை மேற்பார்வையிடும் அரசு அமைப்பு அதை அப்படியே ஏற்காமல் ஒரு கணக்கீட்டு முறையில் போட்டுச் சலித்தது. ஆகஸ்டு 13ஆம் தேதி முடிவு வந்தபோது, ஆசிரியர் கொடுத்த தரங்களில் நூற்றுக்கு 39 இறங்கியிருந்தன.

அந்த முறை எதைப் பார்த்தது தெரியுமா? அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டுகளில் படித்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பார்த்தது. ஏழை வட்டாரப் பள்ளியில் ஒரு கெட்டிக்காரப் பெண் படித்தால், அவளுக்கு முன்னால் படித்தவர்களின் தோல்வி அவள் தலையில் ஏறியது. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் கொடுத்த தரத்தை அப்படியே விட்டார்கள். அப்படிப்பட்ட சிறிய வகுப்புகள் பணக்காரத் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், ஆகஸ்டு 17ஆம் தேதி, அரசு அந்தத் தரங்களைக் கைவிட்டு ஆசிரியர் தரத்துக்குத் திரும்பியது.

எந்திரம் சாதி பார்க்காது, வர்க்கம் பார்க்காது, ஆகையால் அது நடுநிலையானது என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? எந்திரம் பழைய கணக்கைப் படித்துத்தான் புதிய தீர்ப்பை எழுதுகிறது. பழைய கணக்கில் நாம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தோம் என்பது நமக்குத் தெரியும்.

சரியான விடை, தவறான கணக்கு

கணக்குப் பாடத்தில் மட்டும் எந்திரம் தவறாது, விடை ஒன்றுதானே என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். இது பெரிய ஏமாற்று. விடை ஒன்றுதான். குழந்தை அந்த விடைக்கு நடந்து வந்த வழி ஒன்றல்ல. கல்வி என்பது வழியைப் பற்றிய விஷயம்.

அமெரிக்காவில் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973ல் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு பென்னி என்று பெயரிட்டார். அவன் படித்த பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே பாடத்தாள் வாங்கிப் போட்டு, விடைப் பட்டியலோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு 80 வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்ற திட்டம் இருந்தது. பென்னி வேகமாக முன்னேறினான். ஆசிரியை அவனை நல்ல மாணவர்களில் ஒருவன் என்று எண்ணியிருந்தார். எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் போட்டாய் என்று கேட்டார். அப்போதுதான் வெளிவந்தது. மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் கூட்டி நடுவில் புள்ளி வைத்தால் பின்னம் தசமமாகிவிடும் என்று அவனாக ஒரு விதி செய்து வைத்திருந்தான். 4/11 என்றாலும் 1.5, 11/4 என்றாலும் 1.5! கணக்கு என்பது விடைப் பட்டியல் எதை ஒப்புக்கொள்ளும் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு என்றே அந்தச் சிறுவன் நினைத்திருந்தான். ஆண்டுக்கணக்கில் தாள் தாளாகத் திருத்திய ஏற்பாடு அதைக் காணவில்லை. ஒரு மனிதர் கேட்ட ஒரு கேள்வி கண்டுபிடித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்வதுதான் நேர்மை. ஒரு குழந்தை 62லிருந்து 38 போனால் 36 என்கிறது. 52லிருந்து 17 போனால் 45 என்கிறது. 81லிருந்து 46 போனால் 45 என்கிறது. மூன்றும் தவறு, பூஜ்யம் போட்டுவிடலாம். ஆனால் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது மட்டும்தான் புரியவில்லை. மற்றபடி அந்தக் குழந்தை ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறது. 1978லேயே பிரவுன், பர்ட்டன் என்ற இருவர், தவறான விடைகளை வைத்துக் குழந்தை மனத்தில் உள்ள இப்படிப்பட்ட கோணல் விதியைக் கண்டுபிடிக்கும் கணினி நிரலைச் செய்தார்கள். நிகராகுவா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் 1,325 பேரின் கழித்தல் கணக்குகளை அதில் போட்டுப் பார்த்தார்கள்.

இதுதான் நாம் விரும்பும் எந்திரம். ஐம்பது பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக் களைத்துப்போன ஆசிரியரிடம், 'இந்தப் பிள்ளை இந்த இடத்தில் இடறுவதாகத் தெரிகிறது, போய்க் கேளுங்கள்' என்று சொல்லும் எந்திரம் வரட்டும், மாலை போட்டு வரவேற்கிறோம். இன்றைய எந்திரங்கள் 1978ஐவிட ஆயிரம் மடங்கு வல்லவை. அவற்றால் இதைச் செய்ய முடியும். செய்ய முடிகிற எந்திரத்தைக் கொண்டுவந்து, தவறு, தவறு, ஒன்று என்று முத்திரை குத்த வைத்திருக்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

சந்தையில் தேர்ச்சி, பள்ளியில் தோல்வி

நம் போன்ற உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது ஏன் இரண்டு மடங்கு கேடு?

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் சோளமும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 1985ல் வெளிவந்தது. வாங்க வந்தவர்களைப் போல் நின்று ஆய்வாளர்கள் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பாணியில் வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37தான் சரி. ஒரு தேங்காய் 35, பத்துத் தேங்காய் எவ்வளவு என்றபோது பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று அடுக்கிக்கொண்டே போய் 350ல் நின்றான். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர் என்ற பள்ளி விதி அவனுக்குத் தேவைப்படவில்லை. நம் பூக்காரம்மா மகள் ஏழு பேனாவுக்குப் போட்ட வழியும் இந்தப் பையன் வழியும் ஒன்றுதான்!

அது நாற்பது ஆண்டுக்கு முந்திய கதை, வேறு நாடு என்பீர்கள். 2025ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் செய்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும் பள்ளி செல்லும் 471 பிள்ளைகளையும் பார்த்தார்கள். எண்ணூறு கிராம் உருளைக்கிழங்கு, ஒரு கிலோ நானூறு கிராம் வெங்காயம், மீதிச் சில்லறை எவ்வளவு என்பது போன்ற கணக்குகளைச் சந்தைப் பிள்ளைகள் தாளும் பென்சிலும் இல்லாமல் மனத்திலேயே போட்டார்கள். பாடப் புத்தக வகுத்தலைக் கொடுத்தால் திணறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ புத்தகக் கணக்கை ஓரளவு போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழி பிதுங்கினார்கள்.

இதற்கு யார் பொறுப்பு? இரண்டு பக்கத்துப் பிள்ளைகளிடமும் மூளை இருக்கிறது. ஒன்றை மற்றொன்றோடு இணைத்துக் கொடுக்காதது பள்ளி. குழந்தைகள் கூலி வேலைக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை, அந்தக் கொடுமை ஒழிய வேண்டும். ஆனால் தாயின் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து பெற்ற அறிவை அறிவு என்று ஒப்புக்கொள்ளும் பரிட்சை வேண்டும். புத்தகத்து வழியையே ஒரே வழி என்று எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், நேற்று ஒரு வாத்தியார் செய்த தவறு நாளை லட்சம் பிள்ளைகளுக்கு ஒரே நொடியில் நடக்கும். வாத்தியாரிடம் கெஞ்சலாம், வாதாடலாம். எந்திரத்திடம்?

எந்த மொழியில் யோசிக்கிறாள்?

நம் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் இந்தியும், வகுப்பில் இங்கிலீஷ். 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி தெலங்கானாப் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். அதை நாம் வரவேற்கிறோம். சோறு போடும் மண்ணின் மொழியைப் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் குழந்தை கணக்கை எந்த மொழியில் போடுகிறது? கால், அரை, முக்கால், ஒன்றேகால் என்று தமிழில் வரும். அரை டஜன் என்பாள், பௌனே கிலோ என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதைச் சொல்வாள், மூர என்று தெலுங்கில் முழத்தைச் சொல்வாள். மனத்துக்குள் இந்த நான்கும் கலந்து ஓடி, கடைசியில் இங்கிலீஷ் கட்டத்தில் ஒரு எண்ணாக விழுகிறது. அந்த ஓட்டத்தைக் கேட்கத் தெரியாத எந்திரம் அவள் கணித அறிவை அளந்துவிட்டதாகச் சொன்னால், அது அளந்தது அவள் இங்கிலீஷை.

நம் பழைய திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பிள்ளைகள் வாயால் சொல்லிக் காட்டினார்கள். அந்தத் திண்ணையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட நாம் தயாரில்லை. அங்கே பிரம்படி இருந்தது. தாழ்த்தப்பட்டவர் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பெரும்பாலும் இடமே இல்லை. ஆனால் சொல், கேட்கிறேன் என்ற அந்த ஒரு வழக்கம் நல்லது. கும்பகோணத்து ராமானுஜன் 1913ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் முடிவுகள் நிறைய இருந்தன, செய்முறை இல்லை. ஹார்டி 'படி எழுதவில்லை' என்று பூஜ்யம் போடவில்லை. உட்கார்ந்து படித்தார், திருப்பிக் கேட்டு எழுதினார். எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆக வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் திருப்பிக் கேட்க ஒருவர் வேண்டும்.

மறுப்புக்கு மறுப்பு

ஒரு ஆசிரியருக்கு ஐம்பது அறுபது பிள்ளைகள், எப்படி ஒவ்வொருவரையும் கேட்பது என்கிறார்கள். உண்மைதான். அதற்கு மருந்து ஆசிரியர்களை நியமிப்பது. எந்திரம் வாங்கக் காசு இருக்கிறது, ஆசிரியர் போடக் காசில்லை என்பது எந்தக் கணக்கு? எந்திரம் திருத்தும் வேலையைக் குறைத்தால், மிச்சமாகும் நேரத்தைப் பிள்ளையோடு பேசக் கொடுங்கள். மிச்சமான நேரத்தைக் காட்டி ஆசிரியரையே குறைக்காதீர்கள்.

ஆசிரியர்கள் மட்டும் ஓரவஞ்சனை செய்யமாட்டார்களா என்றும் கேட்கிறார்கள். செய்வார்கள். குடிசைப் பிள்ளை என்றால் முகம் சுளிப்பவர்களை நாமும் அறிவோம். அதனால்தான் ஆசிரியர் சொன்னதே வேதம் என்றும் நாம் சொல்லவில்லை. யார் மதிப்பெண் போட்டாலும் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும் என்கிறோம். எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் உரிமைச் சட்டத்தில் உண்டு என்று 2011ல் உச்ச நீதிமன்றம் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் தீர்ப்பளித்தது. தாளைப் பார்க்கும் உரிமை வந்துவிட்டது. எந்திரம் ஏன் அப்படிப் போட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் வந்தால்தான் அது நிறைவாகும்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: தேர்ச்சி, தோல்வி, மதிப்பெண் எதுவானாலும் பெயரோடு கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க ஒரு ஆசிரியர் வேண்டும். எந்திரம் யோசனை சொல்லலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இரண்டு: ஒவ்வொரு பருவத்திலும் கணக்குப் பாடத்தில் சில நிமிடமாவது வாய்மொழித் தேர்வு வேண்டும். தான் போட்ட வழியைத் தனக்குத் தெரிந்த மொழியில் பிள்ளை சொல்லலாம்.

மூன்று: வேறு வழியில் வந்த சரியான விடைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. அதை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியாதென்றால் கட்டம் போட்ட தாளையே எடுத்துவிடுங்கள்.

நான்கு: பள்ளிக்குக் கொண்டுவருவதற்கு முன், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளின் தாள்களை எந்திரமும் ஆசிரியர்களும் தனித்தனியே திருத்தி, எங்கே எவ்வளவு வித்தியாசம் என்று வெளியிட வேண்டும். கேஜைச் சரிபார்க்காமல் வேலை தொடங்காதீர்கள்.

ஐந்து: 'பின்தங்கியவர்' என்று எந்திரம் குத்தும் முத்திரை பிள்ளையோடு வகுப்புக்கு வகுப்பு கூடவே வரக் கூடாது. பிள்ளைகளின் தகவல் எந்த நிறுவனத்திடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்.

பெற்றோர்களுக்கு

1862ல் செகந்திராபாத்தில் சோமசுந்தரம் முதலியார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பிறகு மஹபூப் கல்லூரி ஆனது. இந்த ஊரின் கல்விக்குத் தமிழர் கொடுத்ததும் உண்டு. நாம் இங்கே பிச்சை கேட்டு நிற்கவில்லை. கூலியில் பிடித்தம் செய்தால் எதற்கு என்று கேட்கிறோம் அல்லவா? பிள்ளையின் மதிப்பெண்ணில் பிடித்தம் செய்தாலும் அப்படியே கேட்க வேண்டும். படிக்காதவர்கள் எப்படிக் கேட்பது என்று கூசாதீர்கள். படிக்காத தாய்தான் அரை டஜனிலிருந்து ஏழுக்குப் போகும் வழியை அந்தச் சிறுமிக்குக் காட்டியவர்.

பள்ளிக்குத் தனியே போகத் தயங்கினால் நான்கு பெற்றோராகப் போங்கள். பிள்ளையின் நோட்டையும் எந்திரம் கொடுத்த தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். ஞாயிறு மாலை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தொகுத்து, கல்வி அதிகாரியிடம் எழுத்தில் கொடுப்போம்.

அதற்கு முன் இன்றிரவே ஒன்று செய்யலாம். பிள்ளை நோட்டைக் கொண்டுவந்து காட்டும்போது எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நம் வீட்டில் கேட்கப் பழகினால், பள்ளியிலும் அதைக் கேட்க வைக்கும் தெம்பு நமக்கு வரும்.